ஒட்டுப்பால் சுற்றிய வயர்

குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு தென்னை நின்றது. கிணற்று நீரைக் கொண்டுவரும் இரும்புக் குழாய் அதன் அடியில் தரைக்குச் சற்று மேலாக ஓடியது. மோட்டாருக்கான வயரைத் தனியாகக் கொண்டுபோக யாரும் மெனக்கெடவில்லை. குழாயோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒருநாள் தேங்காய் விழுந்தது. குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வயரின் தோல் நசுங்கிப் பிளந்து செம்பு வெளியே தெரிந்தது.

அப்போது மாமா எங்களோடு இருந்தார். அம்மாவின் தம்பி. வளைகுடாவில் எலக்ட்ரீஷியன் வேலைக்கு அவருக்கு விசா வந்திருந்தது. அடுத்த மாதம் பயணம். அதற்கு முன் எந்த வேலையிலும் நிலைக்காமல் திரும்பி வந்தவர் என்பதால் அம்மா அந்த விசாவைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள், யாருடைய கண்ணாவது பட்டுவிடும் என்பதுபோல. வீட்டில் இப்படி ஒருவர் இருக்கும்போது வயரைச் சரிசெய்ய வெளி ஆளைக் கூப்பிடும் பேச்சுக்கே இடமில்லை.

டேப் வாங்கப் பாறசாலை வரை போகவேண்டும். மாமா போகவில்லை. வீட்டின் பின்னால் ரப்பர் மரங்கள் இருந்தன. பால் வெட்டிய கீறலில் மறுநாள் காலைக்குள் காய்ந்து படிந்துகிடக்கும் ரப்பர் நாடாவை ஒட்டுப்பால் என்போம். உரித்தால் நீளமாக வரும். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் அதைச் சுருட்டிப் பந்து செய்வோம். மாமா அதை வயரின் மேல் நெருக்கமாகச் சுற்றினார். பார்க்க நேர்த்தியாகவே இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்து குனிந்து பார்த்தார். இது போதுமா என்று கேட்டார்.

"ரப்பர்ல கரண்டு போவுமா அத்தான்? லைன்மேன் கையில போடுதது பின்ன என்னவாக்கும்?"

அப்பா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஒட்டுப்பால் முழுதாகக் காய்வதில்லை, மழையில் நனைந்தால் அதன் இடுக்குகளில் நீர் தங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தோன்றியிருக்காது. ரப்பரை நம்பிப் பிழைக்கிற ஊரில் ரப்பரைச் சந்தேகிப்பது அவ்வளவு எளிதல்ல.

அந்த வாரமே மழை பிடித்தது. அதோடு அம்மாவும் மாறினாள். கிணற்றடியிலும் அந்தக் குழாய்க்கு ஒரு திறப்பு உண்டு. மோட்டார் ஓடும்போது குழாயைப் பிடித்துக்கொண்டு அதன் வாயில் தலையைக் கொடுத்துக் குளிப்பதுதான் எனக்கு அந்த வீட்டிலேயே பெரிய சந்தோஷம். அதை நிறுத்தினாள். வாளியில் நீர் கொண்டுவந்து புழக்கடையில் வைத்து, அங்கேயே குளிக்கச் சொன்னாள். நான் அழுதேன். துணி துவைக்கும்போது பக்கத்தில் போய் நின்றால் கையில் கிடைத்ததை ஓங்கினாள்.

"கிணத்துப் பக்கம் வரப்பிடாதுண்ணு சொன்னா கேக்கணும். இனி வந்தா கால தல்லி முறிப்பேன்."

சீருடைச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்ததற்கான தண்டனை இது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றும் நினைத்தேன். முற்றத்தில் ஒருபோதும் செருப்புப் போடாதவள், கிணற்றடிக்குப் போகும்போது ரப்பர் செருப்புப் போட ஆரம்பித்திருந்தாள். அதை நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். எனக்கு அது வெறும் செருப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா டெஸ்டரின் நுனியைக் குழாயில் வைத்தார். டெஸ்டருக்குள் சிறு விளக்கு எரிந்தது; குழாயில் கரண்டு இருந்தது. உடனே போய் மோட்டாரை நிறுத்தினார். பிறகு அடுக்களை வாசலில் நின்று, எப்போதிருந்து என்று அம்மாவிடம் கேட்டார்.

"மழ தொடங்கினதுல இருந்து. தொட்டா சுருக்குண்ணு சும்மா ஒரு தரிப்பு, அவ்வளவுதான். செருப்பு போட்டா அதும் தெரியாது," என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, "அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். போவப்போற பிள்ள."

அப்பா மீட்டர் பலகையிலிருந்து பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாறசாலைக்குப் பஸ் ஏறினார். மிக்ஸி ஓடவில்லை, ரேடியோ பாடவில்லை. மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அத்தானுக்கு எங்கள நம்பிக்க இல்ல. பியூசையும் கொண்டு பஸ்சுல போறாரு. கண்டக்டர் அதுக்கும் டிக்கெட்டு கேப்பான், பாரு."

நானும் கூடச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா புது வயரும், அதைத் தாங்கிக் கொண்டுபோக பிளாஸ்டிக் குழாயும் வாங்கி வந்தார். பழைய வயர் மொத்தமும் இற்றுப்போயிற்று, போவதற்கு முன் நீயே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போ, எனக்கு இதெல்லாம் வராது என்று மாமாவிடம் சொன்னார். ஃபியூஸ் கட்டை அவர் பையிலேயே இருந்தது. வேலை முடியும்வரை எடுக்கவில்லை.

மாமா பழைய வயரை அவிழ்த்தார். ஒட்டுப்பாலை உரித்தபோது உள்ளிருந்து நீர் சொட்டியது. செம்பு பச்சை பிடித்திருந்தது. கிணற்றடிக் கல்லில் கிடந்த அம்மாவின் செருப்பை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வேடிக்கைப் பேச்சு வரவில்லை. புது வயரை நடுவில் இணைப்பே இல்லாமல் வீட்டிலிருந்து மோட்டார் வரை ஒரே நீளமாக, இரும்புக் குழாயை விட்டு விலக்கிக் கொண்டுபோனார். அதுவரை இல்லாதிருந்த எர்த் கம்பியையும் இழுத்தார். ஒவ்வொரு திருகையும் இறுக்கிவிட்டு மறுபடி இறுக்கினார். அப்பா எதிர்த்திசையில் மரச்சீனித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபியூஸைப் போட்டார்கள். மோட்டார் ஓடியது. டெஸ்டரில் விளக்கு எரியவில்லை. இனி குளிக்கலாம் என்று அப்பா சொன்னதும் நான் துண்டோடு ஓடினேன். அம்மா எனக்கு முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றினாள். ஈரக் கல்லில் வெறுங்காலோடு நின்று, உள்ளங்கை முழுக்க அழுத்திக் குழாயைப் பிடித்தாள். நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

இத்தனை நாள் விரட்டியது போதாமல் இன்னும் என்னை நிறுத்திவைக்கிறாள் என்று நினைத்தேன். "வா மக்கா" என்று அவள் கூப்பிட்டபோது, அந்தக் கோபத்தில் சற்று நேரம் போகாமல் நின்றேன்.