அம்மா அடுப்பை அணைத்த சாயங்காலம்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பேனாவைக் கையில் எடுத்தால், ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து எதற்கு என்று வெட்கம் வந்துவிடும். அரிசி ஊறப்போடவோ சாமி விளக்குத் துலக்கவோ எழுந்து போய்விடுவேன். போன வாரம் மகன் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போட்டிருக்காவிட்டால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன்.

பல நாட்டுப் பிள்ளைகள் கூடி விளையாடும் பெரிய போட்டி. அங்கே துப்பாக்கியோடு நுழைந்த சிலர், விளையாட வந்தவர்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நடந்ததைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள். எல்லாரும் தப்பிவிட்டார்கள் என்று நடுவில் ஒரு சேதி வருகிறது. படத்தில் உள்ளவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் நான், "நிப்பாட்டிருப்பா" என்றேன்.

"இன்னும் முடியலம்மா" என்றான் மகன்.

முடியவில்லை என்பது எனக்குத் தெரியாதா? அந்தச் சேதியை நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில் இருந்து கேட்டவள் நான்.

எங்கள் ரேடியோவுக்குத் தனி இடம் கிடையாது. மாரியம்மன் படம் இருந்த பலகையில், ஆத்தாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை ஆத்தாவுக்குப் பொட்டு வைக்கும்போது அம்மா ரேடியோவுக்கும் ஒன்று வைத்துவிடுவாள். பாட்டரி இறங்கிப்போனால் கழற்றி அடுப்போரம் சூடு காட்டுவோம், கொஞ்சம் உயிர் வரும். சூடேறிய பாட்டரியும் கற்பூரமும் கலந்த அந்த வாசம் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. இன்றைக்கும் கோயிலில் கற்பூரம் காட்டினால் செய்தி வாசிக்கிற குரல் காதில் கேட்கும். சாமி மன்னிக்க வேண்டும்.

அண்ணன் ராசு நன்றாக ஓடுவான். மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தலைச் சூடு ஆறுமுன் கொண்டுபோய்க் கொடுக்க ஓடிப் பழகிய கால். பதுளையில் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் அவனைக் கொழும்புப் போட்டிக்குத் தெரிவு செய்திருந்தார்கள். வரும்போது எனக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தான்.

புறப்படுவதற்கு முதல்நாள் சாயங்காலம்தான் ரேடியோ அந்தச் சேதியைச் சொன்னது. ரொட்டி மாவுக் கையோடு அம்மா நின்றுவிட்டாள். "வெளையாடப் போன புள்ளைகளயா புடிச்சு வச்சிருக்கானுக? அப்ப எம்புள்ள போக வேணாம்."

அப்பா சிரித்தார். "அடியே, பசறைக்கே பஸ்ஸு ஒழுங்கா வர்றதில்ல. அவனுக ஒம்மகனப் புடிக்கவா கொழும்புக்கு வரப்போறானுக?"

"சிரிங்க. பெத்தவ நானு."

அண்ணன் மடித்து வைத்த சட்டையை எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து ஆத்தா படத்தில் கட்டினாள். "அந்தப் புள்ளைக உசுரோட வெளிய வந்துட்டா இவன அனுப்புறேன் தாயே. இல்லாட்டி அனுப்ப மாட்டேன்."

பேர்கூடத் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்காக அண்ணனும் நானும் அப்படி வேண்டினோம். அவர்களுக்காகவா, ஓட்டத்துக்காகவா, ரிப்பனுக்காகவா என்பது ஆத்தாவுக்குத்தான் வெளிச்சம்.

விடிந்ததும் ரேடியோ, எல்லாரையும் மீட்டுவிட்டார்கள் என்றது. வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா அண்ணன் நெற்றியில் திருநீறு பூசினாள். "போய்ட்டு வா ராசு." அவன் பஸ் பிடித்துப் பதுளைக்குப் போய் ரயிலேறினான்.

சாயங்காலம் அம்மா கூடையை இறக்கி வைத்து அடுப்பு மூட்டினாள். அப்போதுதான் ரேடியோ மாற்றிச் சொன்னது. காலையில் வந்த சேதி தவறாம். பிடித்து வைத்திருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லையாம்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் கேட்டேன், "ஆத்தா நம்மள ஏமாத்திருச்சாம்மா?"

"அப்பிடிச் சொல்லாத. அவளும் நம்மகூட இருந்து இந்த ரேடியோவுலதானடி கேட்டா."

பிறகு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். லயத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை. "எந்த ஊரா இருந்தா என்ன, அவங்களயும் ஒருத்தி பெத்திருப்பால்ல" என்றாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அதன்பின் வேலை விட்டதும் அம்மா நேரே பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விடுவாள். ஒரு நாள் அண்ணன் இறங்கினான். அம்மா நடுரோட்டில் உட்கார்ந்து அவன் கால்களைத் தடவிப் பார்த்தாள். எத்தனையாவது என்று கேட்டது அப்பாதான்.

"கடைசிக்கு முந்தினது."

"பரவால்ல, ஒனக்குப் பின்னாலயும் ஒருத்தன் ஓடிருக்கான்ல."

ரிப்பனை மறந்துவிட்டு வந்திருந்தான்.

சில வருஷம் கழித்து, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பிய தோட்டத்து ஆட்களோடு அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் போனார்கள். எனக்குக் கல்யாணமாகியிருந்தது, வீட்டுக்காரர் இந்த நாட்டுப் பிரஜை, நான் இங்கேயே நின்றுவிட்டேன். பதுளை ஸ்டேஷனில் அண்ணன் என் கையில் ஒரு சிவப்பு ரிப்பனைத் திணித்தான். தாலி ஏறினவளுக்கு ரிப்பன். சிரிக்கவும் முடியவில்லை. ஜன்னலோரம் இருந்த அம்மா, "போய்ட்டு வர்றோம்டி" என்றாள். அதையும் நான் நம்பினேன்.

தலைமன்னாரில் அவர்கள் ஏறிய கப்பல் இப்போது ஓடுவதில்லை. கொஞ்ச காலம் வந்த கடிதமும் நின்றுபோனது. எங்கள் காம்பராவுக்குக் கூரை இல்லை. சாமிப் பலகை இருந்த சுவரில் தேயிலைச் செடி ஒன்று முளைத்திருக்கிறது.

இதை யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். கேட்பவர் மனம் குளிரட்டும் என்று அண்ணன் முதலாவதாக வந்தான் என்று சேர்த்துவிடாதீர்கள். இனிப்பாக்கிச் சொன்ன சேதி என்ன செய்யும் என்று பார்த்தவள் நான். அவன் கடைசிக்கு முந்தி வந்தான். ஆனால் அன்றைக்கு அந்த பஸ்ஸிலிருந்து இறங்கினான்.