தவம் அக்காவுக்குச் சொல்லாத பாலைவனம்

“சரி... நீங்கள் திரும்பி வராட்டில், பொலிசுக்குப் போன் அடிக்கிறது ஆர்?”

போன ஞாயிறு மதியம், யேர்மனியில் இருக்கிற எங்கள் வீட்டின் குசினி மேசையில் இந்தக் கேள்வி வந்து விழுந்தது. கேட்டவர் என் மச்சான் ரெஜி. அவுஸ்திரேலியாவில், பேர்த் நகரத்தில் இருக்கிறார். தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்த என் ரெலிபோனுக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையில் இரண்டு பேர். நானும் என் கூட்டாளி யோகன் அண்ணையும். யோகன் அண்ணை விரலை நீட்டி என்னைக் காட்டினார். நான் அவரைக் காட்டினேன்.

“ரெண்டு பேரும் ஒரே வாகனத்துக்கை இருக்கப் போறியள்” என்றார் ரெஜி. “அப்ப ஆர் அடிக்கிறது? கங்காருவோ?”

பிள்ளைகளே, இந்த வாரம் நான் எழுதுவது கொஞ்சம் பாரமான விஷயம். ஆனால் பயப்படாமல் வாசியுங்கள் — நான் சொல்லப்போகும் பயணம் இன்னும் தொடங்கவே இல்லை. திட்டம் மட்டும்தான் போட்டிருக்கிறோம். அந்தத் திட்டத்தில்தான் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

திட்டம் இதுதான். வருகிற கோடை விடுமுறையில் யோகன் அண்ணையும் நானும் பிராங்பேர்ட்டில் விமானம் ஏறி பேர்த்துக்குப் போவது. அங்கிருந்து ரெஜியின் பெரிய ஜீப்பில், நாள் முழுக்கக் கிழக்கே ஓடி, கல்கூர்லி என்கிற பட்டணத்தைத் தாண்டி, பாலைவனத்துக்குள் இறங்குவது. எதற்கு? தங்கம் தேட!

சிரிக்காதீர்கள். அந்தச் செம்மண்ணில் இன்றைக்கும் தங்கம் கிடக்கிறது. அரசாங்கத்திடம் அனுமதி எடுத்து, உலோகம் இருந்தால் ‘ங்ஙீ’ என்று கத்தும் ஒரு கருவியைத் தோளில் கொழுவிக்கொண்டு, ரெஜி ஒவ்வொரு வருடமும் போய்வருகிறார். அந்த மண்ணின் பழங்குடி மக்களுக்குப் புனிதமான இடங்களில் கால் வைக்கக்கூடாது. தோண்டிய குழியை மூடிவிட்டு வரவேண்டும். இப்படிச் சட்டங்கள் பல. தங்கம் என்றால் கட்டி கட்டியாக என்று நினைக்க வேண்டாம்... ஒரு பருப்பளவு கிடைத்தால் அது திருவிழா. மற்ற நாட்களில் துருப்பிடித்த ஆணியும் பழைய தகர மூடியும்தான்.

யோகன் அண்ணை வேலை செய்வது ஒரு குளிர்க் களஞ்சியத்தில். ஆடி மாதத்திலும் தடித்த ஜாக்கெட், கம்பளித் தொப்பி. “வெய்யில் சுடுற இடத்துக்குத்தான் தம்பி எனக்கு ஊர்லாப் வேணும்” என்று, விடுமுறையைப் பற்றிக் கனகாலமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். ரெஜி ஒருநாள் உள்ளங்கையில் ஒரு சின்ன மஞ்சள் பொட்டை வைத்துக் காட்டினார். அன்றைக்குப் பிடித்தது இந்த ஆசை.

நாங்கள் திட்டம் போட்ட முறையைக் கேளுங்கள். எங்கள் ஆட்கள் எப்படிப் பயணம் போவார்கள்? பாரிஸ் என்றால் சித்தப்பா வீடு. லண்டன் என்றால் மாமி வீடு. இங்கே ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனால்கூட, திரும்பி வரும் வழியில் ஒரு வீட்டில் தேத்தண்ணி, இன்னொரு வீட்டில் சோறு. எங்களுக்கு ரோட்டு என்பது ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கும் அடுத்த சொந்தக்காரர் வீட்டுக்கும் நடுவில் கிடப்பது. அவ்வளவுதானே?

அதனால் யோகன் அண்ணை கேட்ட முதல் கேள்வி — “கல்கூர்லியில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

“ஒரு டொக்டர் குடும்பம் இருக்கு, அண்ணை.”

“அதுக்கங்கால?”

“அதுக்கங்கால வானம் இருக்கு.”

அண்ணையின் முகம் மாறிவிட்டது. தெரிந்த ஒரு வீடும் இல்லாத ரோட்டை அவர் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், நானும்தான்.

பிறகு ரெஜி ஒவ்வொன்றாகச் சொன்னார். அங்கே கோடையில் போகவே கூடாது. நமக்குக் கோடை வரும்போது அவர்களுக்குக் குளிர்காலம், அதுதான் சரியான பருவம். தண்ணீர், குடிப்பதற்கு என்று நினைப்பதைப்போல் பல மடங்கு. மாற்று ரயர் ஒன்று போதாது. இருட்டிய பிறகு ஓடக்கூடாது. வாகனம் நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக்கூடாது... வானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வாகனம் தெரியும், நடந்து போகும் மனிதன் தெரியமாட்டான்.

கடைசியாகச் சொன்னதுதான் இந்தக் கதையின் முதல் வரி. ரெஜியோடு தங்கம் தேடப் போகிறவர்களின் குழுவில் ஒரு கட்டாயம் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும். எந்த ரோட்டு, எந்தப் பக்கம், எந்த நேரம் தகவல் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தகவல் வராவிட்டால் உடனே பொலிசுக்குச் சொல்லவேண்டும்.

“என்ர மனிசிக்கு எல்லாம் தெரியும்” என்றார் ரெஜி. “ஆனா உங்களைப் பற்றி அவவுக்கு என்ன தெரியும்? அண்ணை, என்ன மருந்துக் குளிசை போடுறியள்?”

“வெள்ளை ஒண்டு... மற்றது ரோசா நிறம்.”

“பேர்?”

“அது தவத்துக்குத்தான் தெரியும்.”

தவம் அக்கா, யோகன் அண்ணையின் மனைவி. அவவுக்குத்தான் இந்தப் பாலைவனத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. ‘பேர்த்துக்குப் போறம், ரெஜி வீட்டில நிப்பம்’ என்பதோடு கதை முடிந்திருந்தது.

“எனக்கு ஸ்டெல்லா இருக்கிறா” என்றேன் நான். ஸ்டெல்லா என் மனைவி. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“அப்ப ஸ்டெல்லாவே எனக்கும் பாக்கட்டும்” என்றார் அண்ணை.

“ஏலாது.” ஸ்டெல்லா திரும்பியும் பார்க்கவில்லை. “இவர் வராட்டி நான் பொலிசுக்கு அடிப்பன். நீங்கள் வராட்டி, நான் முதல்ல தவம் அக்காவுக்கெல்லோ சொல்லோணும்? என்னெண்டு சொல்ல? பாலைவனத்தில எண்டோ?”

ரெஜி சொன்னது இன்னும் சுருக்கம். “அக்காவுக்குத் தெரியாமல் நான் உங்களை வாகனத்தில ஏத்தமாட்டன், அண்ணை. சொல்லுங்கோ. இல்லாட்டி பேர்த்தில நிண்டு கடலைப் பாருங்கோ.”

அண்ணை ஏன் சொல்லவில்லை? காரியம் முடியும்வரை வாய் திறக்காமல் இருப்பது எங்கள் பழக்கம், அது ஒன்று. ஆனால் அது மட்டுமில்லை. ரெஜி போனை வைத்த பிறகு அண்ணை மெதுவாகச் சொன்னார்.

“ஒரு சோடித் தோட்டுக்குக் காணுமான தங்கம் கிடைச்சால் போதும், அன்ரன். தவத்தின்ர நகை எல்லாம் சுதன்ர பயணத்துக்குத்தானே போனது. கடையில வாங்கிக் குடுத்தால், ‘ஏன் இந்த வீண்செலவு’ எண்டு திருப்பிக் குடுக்கச் சொல்லுறா. மண்ணுக்கை கிடந்ததை எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கிறது?”

சுதன், தவம் அக்காவின் ஒரே தம்பி. ஆட்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிற ஒரு ஏஜென்டோடு கொழும்பிலிருந்து யேர்மனிக்கு வெளிக்கிட்டவன். இங்கே வந்து சேரவில்லை. எங்கே நின்றான், எந்த நாட்டோடு வழி முடிந்தது... இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு அக்காவிடம் போய், ‘ரெலிபோன் வேலை செய்யாத பாலைவனத்துக்குப் போகிறேன்’ என்று யார் சொல்வது? இதுதான் அண்ணையின் பயம்.

புதன்கிழமை வேலை முடிந்து இரண்டு பேரும் அண்ணையின் வீட்டுக்குப் போனோம். தனியாகச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. தவம் அக்கா ஒரு பேப்பரை விரித்து நெத்தலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

“அன்ரன், இருங்கோ. தேத்தண்ணி போடவோ?”

“பிறகு குடிப்பம், அக்கா.”

அண்ணை கதிரையில் இருக்கவும் இல்லை. நின்றபடியே தொடங்கினார். “தவம்... நாங்கள் பேர்த்தோட நிக்கேல்லை. அங்கால பாலைவனத்துக்கையும் போறம். தங்கம் பாக்க.” பிறகு ஜீப், தண்ணீர், ரயர் என்று மூச்சுவிடாமல் சொன்னார். தோட்டையும் சொல்லிவிட்டார்.

தலை கிள்ளிய கை நின்றது.

“இது ஆர் ஆருக்குத் தெரியும்?”

“எனக்கு, அன்ரனுக்கு... ரெஜிக்கு. ஸ்டெல்லாவுக்கு.”

“ரெஜியின்ர மனிசிக்கு?”

“ஓம்.”

“ஆஹா. பேர்த்தில இருக்கிற பிள்ளைக்குத் தெரியும். பக்கத்தில படுக்கிற எனக்குத் தெரியாது.”

“நீர் பயப்பிடுவீர் எண்டு...”

“பயப்பிடுவன்தான். பயந்தால் செத்தா போவன்? இவ்வளவு காலமும் பயத்தோடதானே சமைச்சனான்?”

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

இங்கே உங்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். யேர்மனியில் பிறந்த உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவரைப் பார்த்து ‘எங்கே போகிறாய்?’ என்று எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று ஒரு நம்பிக்கை. கேட்டே ஆகவேண்டும் என்றால், ‘தூரமோ?’ என்று கேட்பார்கள். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை.

சுதன் கொழும்பிலிருந்து கடைசியாகப் போன் எடுத்தபோது தவம் அக்காவும் அதைத்தான் கேட்டாராம். அவரே சொன்னார், நெத்தலியைப் பார்த்தபடி.

“எந்தெந்த நாட்டுக்குள்ளால வாறாய் எண்டு கேக்க வாய் வந்தது. வெளிக்கிடுற பிள்ளையை மறிக்கக்கூடாது எண்டு விழுங்கிப்போட்டன். தூரமோ தம்பி எண்டன். அவன் சிரிச்சான். ‘உங்களிட்டத்தானே வாறன் அக்கா, பிறகென்ன தூரம்’ எண்டான்.”

அக்கா பேப்பரை மடித்து நெத்தலியை மூடினார்.

“போகாதை எண்டு நான் அவனுக்குச் சொல்லேல்லை. உங்களுக்கும் சொல்லமாட்டன். ஆனா எந்த நாட்டுக்கு எழுதிக் கேக்கிறது எண்டு தெரியாமல் நான் நிண்டன் பாருங்கோ... அது இன்னொருக்கா ஏலாது.”

எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து, அண்ணைக்கு நேரே நின்றார்.

“இப்ப கேக்கிறன். எங்க போறியள்?”

நேரடியாக. அப்படியே. ஒரு மனைவி கணவனிடம் கேட்கிற சாதாரணக் கேள்விதான். ஆனால் எங்கள் ஆட்கள் கேட்காத கேள்வி.

யோகன் அண்ணை வாயைத் திறந்தார். “கல்கூர்லிக்கு... அங்கால...” அதோடு நின்றுவிட்டார். மேலே சொல்ல அவருக்குத் தெரியவில்லை! எனக்கும் தெரியவில்லை. ரெஜி ஓட்டுவார், நாங்கள் இருப்போம் என்பதுதான் எங்கள் திட்டமாக இருந்திருக்கிறது. தாங்கள் போகும் வழி தங்களுக்கே தெரியாமல், கூட்டிக்கொண்டு போகிறவனை நம்பி ஏறுவது... இதை எங்கள் ஆட்கள் அகதியாக வெளிக்கிட்டபோதும் செய்தவர்கள். அப்போது வேறு வழி இருக்கவில்லை. இப்போது சொல்ல என்ன சாட்டு?

தவம் அக்கா காத்திருக்கவில்லை. ரெஜிக்குப் போன் எடுக்கச் சொன்னார். அங்கே அவர் படுக்கப்போகிற நேரம். அக்கா விடவில்லை. எந்த ரோட்டு, எந்த இடத்தில் மண் பாதைக்குத் திரும்புவது, எங்கே கூடாரம், கடைசிப் பெற்றோல் எங்கே... எல்லாம் கேட்டார். பெயர்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தார். குளிசைகளின் பெயரை அவரே ரெஜிக்குச் சொன்னார்.

“பின்னேரம் கூடாரம் அடிச்ச உடன சற்றலைட் போனில எடுப்பம், அக்கா” என்றார் ரெஜி. “உங்களுக்கு மத்தியானம். வராட்டில் ஒரு மணித்தியாலம் பாருங்கோ. சிலவேளை லைன் பிடிக்காது.”

“ஒரு மணித்தியாலம் பாப்பன். அதுக்கு மேல ஒரு நிமிசமும் பாக்கமாட்டன். பொலிசுக்கு என்னெண்டு சொல்லுறது? எனக்கு இங்கிலீஸ் வராது, டொச்தானே வரும்.”

ரெஜி இங்கிலீசில் சொல்லிக் கொடுத்தார். அக்கா தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார்.

அண்ணை ஓரமாக நின்றார். “அப்ப... போகட்டோ, தவம்?”

“போங்கோ. தங்கம் கிடைச்சால் கொண்டு வாங்கோ. கிடைக்காட்டில் வெறுங்கையோட வாங்கோ. வாறதுதான் கதை.”

நான் விடைபெற்று வெளியே வந்தேன். படியிறங்கும்போது கதவுக்குப் பின்னால் தவம் அக்காவின் குரல் கேட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் சொல்வதைப்போல, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக. “மை ஹஸ்பண்ட் டிட் நொட் கோல். ப்ளீஸ் கோ அண்ட் லுக்.” பிறகு மறுபடியும். மறுபடியும்.

“காணும் தவம், பாடமாய் வந்திட்டுது” என்றார் அண்ணை.

“உங்களுக்குக் காணும்” என்றது அந்தக் குரல். “எனக்கு அழுதுகொண்டு சொன்னாலும் பிழையில்லாமல் வரோணும்.”

நான் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கினேன்.

பிள்ளைகளே, சினேகிதர் வீட்டுக்கோ விளையாடவோ நீங்கள் சப்பாத்தைக் கொழுவும்போது, அம்மாவோ அப்பாவோ ‘எங்கே?’ என்று கேட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள். ‘சும்மா வெளியே’ என்று சொல்லாதீர்கள். இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

எங்கே என்று கேட்கிறவர், தேவைப்பட்டால் அங்கே வரத் தயாராக இருக்கிறவர்.