மூன்றாம் மாடியில் ஒரு மரமேடை

ஓர்லிகோனில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடியில் எங்கள் பல்கனியை ஒட்டினாற்போல் இருந்தது அந்தக் கொரியப் பெண்ணின் பல்கனி. நரைத்த குட்டை முடி, குளிரிலும் வெறுங்கால். அவருடைய பல்கனியை ஒரு தாழ்ந்த மரமேடை முழுவதுமாக அடைத்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்ததும் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, ஒரு மூலையில் ஒடுங்கி உட்காருவார். மற்ற இடமெல்லாம் வெறுமையாகக் கிடக்கும்.

“ஏன், நடுவில வசதியா இருக்கலாமே?” என்று ஒருநாள் டொச்சில், இந்த நாட்டு ஜெர்மன் மொழியில், கேட்டேன்.

அவரும் என்னைப்போல அரைகுறை டொச்சில்தான் சொன்னார்: “எங்கட ஊரில இது வெளியில கிடக்கும். தெருவால போற ஆரும் கேளாமலே வந்து இருப்பினம். இங்க கீழ முற்றத்தில வைக்க வீட்டு நிர்வாகம் விடேல்லை.”

மூன்றாம் மாடியில் தெருவால் போகிறவர் யார்? கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் ஒருவன்தான்.

அவர் பலகையைத் தட்டிக் காட்டினார். “நீங்கள் வாங்கோவன்.”

“ஓம், வாறன். எந்த நாள், எத்தினை மணிக்கு?” என்றேன். இந்த நாட்டில் நேரம் குறிக்காமல் யார் வீட்டுக்கும் போய்ப் பழக்கமில்லை. வாய் தானாகவே கேட்டுவிட்டது.

அவர் துணியை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.