மேகக்காரி சொன்ன பொய்

வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவளுக்கு அவள் நாத்தனார் வைத்த பெயர் மேகக்காரி. அன்பில் வைத்த பெயர் இல்லை. செங்கல் ஏற்ற வருகிற லாரிக்காரனிடம்கூட, அவள் மழை என்றால் தைரியமாகத் துணி காயப்போடலாம் என்று நாத்தனார் சொல்லிச் சிரிப்பாள். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. நாத்தனார் சூளைச் செங்கல் கைபட்டாலே உதிரும் என்று தெருவெல்லாம் பரப்பிவிட்டிருந்தாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, பேச்சுமட்டும் கிடையாது. அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் தூது போயே இவள் கணவன் பாதி ஆளாகிவிட்டான்.

எல்லாம் ஒரு மேகத்தால் வந்த வினை. போன வருடம் தரையோரக் காற்றில் ஈரம் நிறைய இருப்பதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் இடிமழை என்று மேகக்காரி அடித்துச் சொன்னாள். நாத்தனாரும் நம்பி, சுடுவதற்காகக் காய்ந்துகொண்டிருந்த பச்சைக்கல்லையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடினாள். மேகம் என்னவோ பொங்கிக்கொண்டுதான் எழுந்தது. ஆனால் மேலே இருந்தது வறண்ட காற்று. அது மேகத்தை ஓரத்திலிருந்து தின்றே தீர்த்தது, பொட்டுத் தூறல் இல்லை. மூடிய கல் காயாமல் சூளை மூட்டுவது தள்ளிப்போனது. அன்றிலிருந்து நாத்தனாருக்கு ஒரே வீம்பு. மேகக்காரி மழை என்று சொல்லி அனுப்பினால் கல்லைத் திறந்து போடுவாள், வெயில் என்றால் மூடிவைப்பாள்.

இந்த வருடம் களம் கொள்ளாத பச்சைக்கல். அது கரைந்தால் சூளையை இழுத்து மூட வேண்டியதுதான். கணவனுக்கும் அதுதான் பிழைப்பு.

அன்று காலை, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் சும்மா இருந்த வெப்பமானியும் கிட்டத்தட்ட ஒன்றையே காட்டின. காற்றில் அவ்வளவு ஈரம். மேலே விட்ட பலூனும் உயரத்திலும் ஈரம் என்றே சொன்னது. இன்று மேகத்தைத் தின்ன ஆளில்லை. ஏறுகிற ஈரம் நீராகும்போது விடுகிற சூடே மேகத்தை இன்னும் மேலே தள்ளும். கொட்டித் தீர்க்கப்போகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

உண்மையைச் சொன்னால் அந்தப் பிடிவாதக்காரி மூடமாட்டாளே! அதனால் மேகக்காரி தானே களத்துக்குப் போனாள்.

"அக்கா, இன்னிக்கு மழை வராது. நல்லா காய வைங்க."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். காரியம் முடிந்தது என்று மேகக்காரி வேலைக்குத் திரும்பினாள்.

மதியத்துக்கு மேல் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று மேகக்காரி களத்துக்கு ஓடி வந்தாள். தார்ப்பாய்கள் கொட்டகையில் மடித்தபடியே கிடந்தன. கல்லெல்லாம் சேறாகி வழிந்துகொண்டிருந்தது. கணவன் ஒற்றை ஆளாக ஒரு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தான். மேகம் கறுத்ததுமே மூடலாமா என்று வேலையாட்கள் கேட்டார்களாம். நாத்தனார்தான் வேண்டாம் என்றாளாம்.

"மழை வரும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றாள் நாத்தனார்.

"தெரியும். நான் சொல்றதுக்கு நேர்மாறாத்தானே செய்வீங்க? மூடணும்னுதான் மாத்திச் சொன்னேன்."

"ஒரு வருஷம் கழிச்சு அக்கான்னு கூப்பிட்டியே. அதுக்காகத்தான் நம்புனேன்."

கணவன் தார்ப்பாயை அப்படியே சேற்றில் போட்டான். மேகக்காரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அக்கா பக்கத்தில் போய் நின்றான்.