ஒன்றாம் நம்பர் பொத்தான்

தையல்காரம்மாவின் வீட்டு டி.வி.யோடு ஒரு கணக்கெடுப்புப் பெட்டி இணைக்கப்பட்டிருந்தது. எந்த நிகழ்ச்சிக்கு மவுசு அதிகம் என்று கண்டுபிடிக்க ஒரு நிறுவனம் சில வீடுகளில் மட்டும் வைத்த பெட்டி. டி.வி. முன்னால் உட்காருகிறவர் ரிமோட்டில் தன் பொத்தானை அமுக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஒன்று, தையல்காரம்மாவுக்கு இரண்டு.

“உங்க வீட்ல ஒருத்தர் பார்த்தா, வெளியில எட்டாயிரம் பேர் பார்த்த மாதிரி” என்று பெட்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். சாயங்காலம் ஆறு மணி வினாடி வினாவுக்கு உட்கார்ந்தால், கேள்வி முடியுமுன்னே பதிலைச் சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தப்பு. அந்த வருஷம் ஊரே வாய் பிளந்து பார்த்த மருமகள் தொடரும் அதே ஆறு மணிக்குத்தான்.

“கொஞ்சம் மாத்துங்களேன்.”

“எட்டாயிரம் பேரைப் பாதியில எழுப்பி விடச் சொல்றியா?”

அவரை அவள் திட்டாத நாளே கிடையாது.

மே மாதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. வந்த உறவெல்லாம் கிளம்பிப் போன அன்று, ஆறு மணிக்கு டி.வி.யைப் போட்டாள். இனித் தடுக்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் கை வினாடி வினாவுக்குத்தான் போனது. ரிமோட்டில் ஒன்றை அமுக்கினாள். பெட்டியில் ஒன்று என்று பச்சையாக எரிந்தது. பக்கத்து நாற்காலியில் ஆள் இருப்பது போல் இருந்தது. அடுத்த நாளும் அமுக்கினாள், அதற்கடுத்த நாளும். இதைக் கிறுக்கு என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். தனியாக உட்கார்ந்து டி.வி. பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

வருஷக் கடைசியில் பெட்டிக்காரர் வந்து நின்றார். அந்த வருஷம் அதிகம் பேர் பார்த்த படங்கள், தொடர்களின் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்குரிய வீடுகளுக்கு நேரில் போய்ச் சரிபார்க்கிறார்களாம்.

“அந்தப் பெரிய படத்தை முதல் தடவையா டி.வி.ல போட்ட அன்னைக்கு எல்லா வீட்லயும் அதைத்தான் பார்த்தாங்க. ஐயா மட்டும் வினாடி வினா. ஏழு மாசமா ஒரு நாள் கூட விடலம்மா. மனுஷன்னா ஒரு நாளாவது தலைவலின்னு படுக்க மாட்டாரா?”

தையல்காரம்மா மெஷின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்காரரின் கண் சுவரில் மாலையோடு மாட்டியிருந்த வீட்டுக்காரரின் புதுப் படத்துக்குப் போனது. அவர் குரல் இறங்கியது.

“என்னைக்கும்மா? தேதி சொன்னா, அன்னையிலிருந்து ஒண்ணாம் நம்பரைக் கணக்குலேர்ந்து எடுத்துடுவேன்.”

தேதி தெரியாமலா? எத்தனை படிவங்களில் எழுதியாயிற்று. ஆனால் அதைச் சொன்னால், அதற்குப் பிறகு அவர் கூட உட்கார்ந்திருந்த அத்தனை சாயங்காலங்களும் போய்விடும். மே மாதத்தில் ஒரு தடவை பறிகொடுத்தது போதாதா?

“சொல்லுங்கம்மா.”

“நேத்து” என்றாள். “நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்தார்.”

ஏழு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பெட்டிக்காரர் அவள் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்து, நேற்றைய தேதியையே எழுதிக்கொண்டார்.