நான் பிறந்த வருஷத்து ஒயின்

அப்பா கோப்பைக்குள் மூக்கை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றின் மதுக்கூடம் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு காலத்தில் மொடாக்குடியர். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், இனிக் குடிப்பதில்லை என்று அம்மன் கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டார். அதன் பிறகு எந்த ஒயினையும் மோந்து பார்த்தே விருந்தாளிகளுக்கு எடுத்துச் சொல்வார். பாலுக்குப் பூனை காவல்தான். ஆனால் பூனை பல வருஷம் யோக்கியமாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் போர்ச்சுக்கல்லிலிருந்து ஒயின் செய்கிற பெரியவர் ஒருவர் வந்து தங்கினார். டோரோ ஆற்றங்கரை மலைச்சரிவில் அவருக்குப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். பழத்தைக் கல்தொட்டியில் கொட்டி, தோளில் கைபோட்டு வரிசையாக நின்று வெறுங்காலால் மிதிப்பார்களாம். பாதி புளித்ததும் பிராந்தி ஊற்றினால் இனிப்பு அப்படியே தங்கிவிடுமாம். "கால்ல மிதிச்சதயா குடிக்கிறாங்க? இன்னா கருமம் இது!" என்றாள் அம்மா.

வாயில் வைத்துச் சுழற்றித் துப்பி ருசி பார்க்கும் முறையையும் அவர்தான் கற்றுத்தந்தார். அப்பாவுக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது. "கயிறு கட்டிகினது முழுங்காம இருக்கத்தானே? நான்தான் துப்பிடறனே."

"நாக்குக்கு அந்தக் கணக்கு தெரியுமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த வருஷம் பெரியவர் எனக்காக, நான் பிறந்த வருஷத்து ஒயின் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் படுக்கவைத்துப் பாதுகாத்து, பிள்ளையின் கல்யாணத்தன்று திறப்பது அவர்கள் வழக்கமாம். அப்பா அதை பீரோவில் புடவைகளுக்கு அடியில் படுக்கவைத்தார். உடைத்துப் போடச் சொல்லி அம்மா மன்றாடினாள். "பொண்ணு கல்யாணத்துக்குடி அது. நான் தொடுவனா?" என்றார். ஆனால் தினமும் பீரோவைத் திறந்து பார்த்தார்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் எவர்சில்வர் டம்ளர், பக்கத்தில் காலி பாட்டில். "துப்ப மனசு வரலம்மா" என்று அழுதார். கயிற்றை அறுத்துவிடச் சொல்லிக் கையை நீட்டினார். நான் மாட்டேன் என்றேன். பல்லால் கடித்து அவரே அறுத்துக்கொண்டார்.

பிறகு கடைச் சரக்கு. வேலை போயிற்று. நான் பன்னிரண்டாவது முடிப்பதற்குள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் ஒயினைப் பண்பாடு, மரபு என்று யாராவது ரசித்துப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பெரியவர்மேல் கோபமில்லை. அந்த வருஷமும் விடுதிக்கு வந்தவர், கேள்விப்பட்டு, காரியம் முடிந்த வாரம் துக்கம் கேட்க வீட்டுக்கே வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகும்போது, அந்த ஒயின் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பத்திரமா கீதுன்னு சொல்லு. அவரு தொடவேயில்லன்னு சொல்லு."

சொன்னேன்.