பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல்

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சிட்டம்மா, மரை மான் பார்க்கும் ஆசையில்தான் லயத்து வரிசை வீட்டு ஆட்களோடு ஓகியாவில் ரயிலிறங்கி ஓர்ட்டன் சமவெளிக்கு ஏறினாள். ஆனால் ரயிலில் கேட்ட பேச்சு அவளை விடவே இல்லை. அங்கே ஏதோ ஒன்று பனிமூட்டத்துக்குள் நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். பதில் கொடுத்தால் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுமாம்.

"ஒன்ன இழுத்துட்டுப் போனா அதுதான் பாவம். மறுநாளே கொண்டாந்து விட்டுரும்" என்று புருஷன் காத்தமுத்து சிரித்தான்.

காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கக் குனிந்தவள் நிமிர்ந்தபோது மூட்டம் மூடியிருந்தது. முன்னால் போனவர்களைக் காணோம். பள்ளம் எந்தப் பக்கமென்றும் தெரியவில்லை. "என்னாங்க" என்று கத்த வாயெடுத்தாள்.

"சிட்டம்மா! சிட்டம்மா!"

வாயைப் பொத்திக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். காத்தமுத்துவின் குரலேதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் அவள் பேர் வந்ததே இல்லை. 'இந்தா', 'ஏ புள்ள', அவ்வளவுதான். குரல் கிட்டே வர வர அவள் மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

"ஏ புள்ள! எங்கடி போய்த் தொலஞ்ச?" குரல் உடைந்திருந்தது.

"இங்கதாங்க இருக்கேன்!"

அவளைப் பிடித்துத் தூக்கினான். "இம்புட்டு நேரம் கத்துறேன், வாயில என்னா வச்சிருந்த?"

"பேரச் சொல்லிக் கூப்புட்டா, நீங்கன்னு எப்புடி நெனைக்கிறது?"

காத்தமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். லயத்து ஆட்கள் கண்ணில் பட்ட பிறகுதான் அவள் கையை விட்டான்.